எந்த வேகத்தில் உதறுகிறது?

ஸ்டியரிங் உதறலுக்குப் பத்துப் பன்னிரண்டு காரணங்கள் உண்டு. பாதிக்கு மேல் சில நூறு ரூபாயில் தீர்ந்துவிடும். ஒன்றிரண்டு மட்டும் ஓடுகிற வண்டியின் சக்கரத்தையே மடக்கிவிடக்கூடியவை. இவற்றைப் பிரித்தறிய முதலில் வேண்டியது உதறல் எப்போது வருகிறது என்ற விவரம்தான். தென்காசிப் பக்கம் கைதேர்ந்த மெக்கானிக் ஜாக்கியைத் தொடுவதற்கு முன், "எத்தனையில உதறுது அண்ணாச்சி? சும்மா போகும்போதா, பிரேக் பிடிச்சாலா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கேட்காமலே பாகங்களை மாற்ற ஆரம்பிக்கும் கடையில் பில் நீளும், உதறல் அப்படியே இருக்கும்.

உதறல் நான்கு விதமாக வரும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்போது தொடங்கி, 110 தாண்டினால் குறைவது ஒரு வகை. வேகம் எதுவானாலும் பிரேக்கை மிதித்தால் மட்டும் வருவது இரண்டாவது. 20, 30 வேகத்திலேயே ஸ்டியரிங் இடமும் வலமுமாக ஆடுவது மூன்றாவது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வந்து, காலை எடுத்ததும் போய்விடுவது நான்காவது. முதலாவதில் சக்கரத்தின் எடைச் சமநிலையையும், இரண்டாவதில் பிரேக் டிஸ்கையும், மூன்றாவதில் டயரையோ ரிம்மையோ, நான்காவதில் ஆக்சிலின் உள்பக்க மூட்டையும் முதலில் பார்க்க வேண்டும். உதறல் கையில் தெரிந்தால் முன்சக்கரம். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பெரும்பாலும் பின்சக்கரம்.

குற்றாலத்துக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் சீசன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். பேரருவியிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஐந்தருவிக்கு, கூட்ட நாட்களில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துதான் போக முடியும். சாலையோரச் சேற்றில் சக்கரம் பாதி புதைய நிறுத்துகிறார்கள். குளித்துவிட்டு வந்து கிளம்பினால் குற்றாலத்துக்குள்ளும் இலஞ்சி வழியிலும் வண்டி ஐம்பதைத் தாண்டாது. எந்தக் குறையும் தெரியாது. பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டித் திருநெல்வேலிச் சாலையில் வேகம் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் படபடவென்று உதறும். 'வரும்போது நன்றாகத்தானே இருந்தது' என்று ஓட்டுநர் குழம்புவார்.

அவர் சொல்வது உண்மைதான். ரிம்மின் உட்புறக் குழிவில் அப்பிய சேறு காய்ந்து கட்டியாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினால்தான் சிக்கும். ஒரு பக்கமாக ஒட்டிய 30 கிராம் மண் என்ன செய்துவிடும் என்று தோன்றும். 14 அங்குல ரிம்மும் 175/65 டயரும் கொண்ட சிறிய கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் சக்கரம் நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றும். அப்போது ரிம்மின் விளிம்பில் உள்ள அந்த 30 கிராம், ஏறக்குறைய 5 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். அதுவும் மேலே, முன்னே, கீழே, பின்னே என்று நொடிக்கு 15 சுற்று. 40 கிலோமீட்டர் வேகத்தில் அதே மண்ணின் இழுப்பு முக்கால் கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். ஊருக்குள் தெரியாத குறை நெடுஞ்சாலையில் தெரிவது இதனால்தான்.

அப்படியானால் 110 தாண்டியதும் உதறல் ஏன் குறைகிறது? விசை கூடிக்கொண்டேதானே போக வேண்டும்? கூடத்தான் செய்கிறது. ஆனால் சக்கரமும் அதைத் தாங்கும் பாகங்களும் சேர்ந்த தொகுதிக்கு ஊஞ்சலைப் போலச் சொந்தமாக ஓர் ஆட்ட வேகம் உண்டு. கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 வரை. 80, 100 வேகத்தில் சக்கரம் சுற்றும் எண்ணிக்கையும் அதே அளவில் இருப்பதால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல ஒவ்வொரு சுற்றும் ஆட்டத்தைப் பெருக்குகிறது. வேகம் அதைக் கடந்ததும் தாளம் தப்பி, ஆட்டம் அடங்குகிறது. 'நூத்திருபதுல போனா சரியாயிரும்' என்று வேகத்தையே மருந்தாக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். உதறல் குறைந்தாலும் பேரிங்கின்மீது விழும் அடி கூடிக்கொண்டேதான் போகும்.

ஆக, சீசனில் ஐந்தருவி போய்வந்த வண்டி உதறினால் முதல் மருத்துவம் தண்ணீர். வாட்டர் சர்வீஸில் நான்கு ரிம்களின் உட்புறத்தையும் அழுத்தத் தண்ணீரால் கழுவச் சொல்ல வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் வீல் பேலன்சிங். மிஷினில் சக்கரத்தைச் சுழற்றி, எந்த இடத்தில் எத்தனை கிராம் குறைகிறது என்று பார்த்து, அங்கே எடைக்கட்டியை அடிப்பார்கள் அல்லது ஒட்டுவார்கள். சேற்றோடு சக்கரத்தை மிஷினில் ஏற்றினால் சேற்றுக்கும் சேர்த்து எடை வைக்கப்படும்; பிறகு சேறு உதிர்ந்ததும் உதறல் திரும்பிவரும். கழுவிய பிறகுதான் பேலன்சிங். பழைய எடைக்கட்டி கழன்று விழுந்திருப்பதும் அடிக்கடி காணப்படும் காரணமே. ரிம்மில் அது இருந்த இடம் தடமாகத் தெரியும்.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'அலைன்மென்ட் பார்த்தாச்சு, இன்னும் உதறுது' என்று குறைப்படுபவர்கள் ஏராளம். வீல் அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன என்ற கோணக் கணக்கு. அது தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். உதறாது. இழுத்தால் அலைன்மென்ட், உதறினால் பேலன்சிங் என்ற அளவுக்காவது பிரித்துவைத்துக்கொண்டால் ஒரு தடவைச் செலவு மிச்சம்.

பேலன்சிங் செய்தும் தீராதபோது சந்தேகம் டயரின்மேல் திரும்புகிறது. மழைநீர் நிரம்பிய பள்ளத்தின் ஆழம் மேலே தெரியாது. அதில் வேகமாக இறங்கினால் ரிம் வளையலாம். டயரின் பக்கச்சுவரில் இழை அறுந்து முட்டைபோல் புடைக்கலாம். ஓடுபரப்புக்குக் கீழே உள்ள எஃகு வலை பிரியலாம். மூன்றிலும் சக்கரத்தின் வட்டம் கெடும். பேலன்சிங் மிஷினில் சக்கரம் தரையில் அழுந்தாமல் காற்றில் சுற்றுவதால், இப்படிப்பட்ட சக்கரத்துக்கும் மிஷின் பூஜ்யம் காட்டிவிடக்கூடும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். முன்சக்கரத்தைத் தூக்கி, டயருக்கு மிக அருகில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். இடைவெளி ஒரே அளவாக இருந்தால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் டயர் சாக்பீஸைத் தொட்டுவிட்டுப் போனால் அங்கே மேடு. ரிம்மின் விளிம்பையும் இப்படியே பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி ஆடினால் ரிம் வளைந்திருக்கிறது. பக்கச்சுவர் புடைத்த டயருக்கு வைத்தியம் கிடையாது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, புடைத்ததைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

கடையநல்லூர், தென்காசி வட்டாரத்தில் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். அவர்களது கார்கள் மாதக்கணக்கில் ஷெட்டில் அசையாமல் நிற்கும். எடை ஒரே இடத்தில் அழுத்துவதால் டயரின் அடிப்பகுதி தட்டையாகிவிடும். விடுமுறைக்கு வந்து வண்டியை எடுத்ததும் உதறும். பத்து இருபது கிலோமீட்டர் ஓடி டயர் சூடானால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் தட்டை நிரந்தரமாகிவிட்டது என்று பொருள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் அப்போது பார்த்துவிடுவது நல்லது. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரான டயர். ஓடாத டயரில் ஓடுபரப்பு தேயாது, ஆனால் ரப்பர் கிழடாகும்.

வெளியில் வாங்கிப் போடும் அலாய் வீலில் இன்னொரு வில்லங்கம். நடுத்துளை, சக்கரத்தைத் தாங்கும் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால், சக்கரம் ஹப்பின்மேல் கச்சிதமாக உட்காராமல் நட்டுகளின் பிடியில் மட்டும் நிற்கும். நூலளவு மையம் விலகினாலும் உதறும். எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் போகாது. இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் என்ற வளையம் போட்டால் தீரும். மலிவான பொருள், பல கடைகளில் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் வரும் உதறல் வேறு குடும்பம். செங்கோட்டையைத் தாண்டிக் கொல்லம் செல்லும் சாலையில் புளியரைக்கு மேலே எஸ் வளைவு இருக்கிறது. கோட்டைவாசலிலிருந்து இறங்கும் கார்கள் கனரக லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, பிரேக் பெடலிலிருந்து காலை எடுக்காமலே வரும். டிஸ்க் கொதிக்கும். அந்தச் சூட்டில் வண்டியை நிறுத்திப் பெடலை அழுத்தியபடியே இருந்தால், பிரேக் பேடின் பொருள் டிஸ்கில் அந்த ஓரிடத்தில் மட்டும் படியும். இப்படிப் படிவதாலும் சீரில்லாத தேய்மானத்தாலும் டிஸ்கின் கனம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வேறுபட்டாலே போதும். பேட் அந்த இடத்தை ஒவ்வொரு சுற்றிலும் கவ்விக் கவ்வி விட, ஸ்டியரிங்கும் பெடலும் துடிக்கும். 'டிஸ்க் வளைஞ்சிருச்சு' என்று கடையில் சொல்வார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, கனம்தான் மாறியிருக்கும். டிஸ்கைக் கடைசல் பிடித்துச் சீராக்கலாம். அதன் விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகுமானால் புதிதுதான் போட வேண்டும். புது டிஸ்க் போடும்போது ஹப்பின் முகத்தில் உள்ள துருவைச் சுரண்டாமல் மாட்டினால், சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்தத் துடிப்பு திரும்ப வந்து நிற்கும். இறக்கத்தில் இரண்டாம் கியரில் வண்டியை விட்டு, என்ஜினையே பிரேக்காக்கிக்கொள்வது பழைய டிரைவர்களின் பாடம்.

இதுவரை சொன்ன எதிலும் சஸ்பென்ஷன் பாகங்கள் வரவில்லை. காரணம் இருக்கிறது. தேய்ந்த டை ராட் எண்டோ பால் ஜாயிண்டோ தானாக உதறலை உண்டாக்குவது குறைவு. சக்கரத்தில் பிறக்கும் சிறு உதறலை இறுகப் பிடித்து அடக்க வேண்டியவை இவை. தேய்ந்தால் அடக்கமாட்டாமல் விட்டுவிடுகின்றன. பத்து கிராம் சமநிலைக் குறை புது வண்டியில் தெரியாது, லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் தெரியும். ஆகவே பேலன்சிங்குக்குப் பிறகு உதறல் குறைந்து, ஆனால் முழுதும் போகாமல் இருந்தால் கீழே பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 முதல் இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவை வரை முன்பக்க அமைப்பு ஒன்றே. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். கீழே ஒரு லோயர் ஆர்ம். அந்த ஆர்மின் ஒரு முனை ரப்பர் புஷ்களோடு வண்டியின் உடலில் பொருந்தும், மறுமுனை பால் ஜாயிண்ட் வழியாகச் சக்கரத்தைப் பிடிக்கும். ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராட் தன் முனையில் இன்னொரு குண்டு மூட்டோடு சக்கரத்தைத் திருப்பும். நம் தோள்மூட்டைப் போலக் கிண்ணத்துக்குள் உருண்டை, உள்ளே கிரீஸ், வெளியே ரப்பர் உறை. உறை கிழிந்தால் சேறும் நீரும் உள்ளே போய்க் கிரீஸைக் கழுவிவிடும். சாரலிலும் சேற்றிலும் ஓடும் வண்டிகளில் பாகம் கெடுவது பெரும்பாலும் உறை கிழிவதிலிருந்துதான் தொடங்குகிறது. அம்பாசடர் காலத்தில் கிரீஸ் கன் வைத்து மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிப்பார்கள். இப்போது மூட்டுகள் மூடி முத்திரையிட்டு வருவதால் அந்த வழக்கம் போய்விட்டது. உறையைக் குனிந்து பார்க்கும் வழக்கமும் கூடவே போய்விட்டது.

சோதனைக்குச் சமதளமும் ஜாக்கியும் ஸ்டாண்டும் போதும். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்சக்கரம் தொங்கும்படி உடலைத் தூக்க வேண்டும். இவ்வகை அமைப்பில் சக்கரம் தொங்கினால்தான் பால் ஜாயிண்டின் ஆட்டம் வெளிப்படும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடக் கூடாது.

சக்கரத்தைக் கடிகாரமாக எண்ணிக்கொண்டு, மூன்றிலும் ஒன்பதிலும் கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்ட வேண்டும். 'டக்' என்ற ஓசையோடு சிறு அசைவு கைக்குத் தட்டுப்பட்டால் டை ராட் எண்ட், அல்லது ஸ்டியரிங் ரேக்கோடு சேரும் உள்முனை. எதுவென்று அறிய, ஒருவர் சக்கரத்தை ஆட்ட, இன்னொருவர் மூட்டின்மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

அடுத்து பன்னிரண்டிலும் ஆறிலும் கை வைத்து ஆட்ட வேண்டும். இங்கே அசைவு இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். பிரிப்பது சுலபம். உள்ளே இருப்பவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டினால், பேரிங் ஆட்டமாக இருந்தால் மறைந்துவிடும். பால் ஜாயிண்ட் ஆட்டம் மறையாது. பிரேக் பிடித்ததும் டிஸ்கும் காலிப்பரும் ஒன்றாக இறுகி, பேரிங்கின் தளர்ச்சியை மறைத்துவிடுவதே காரணம். பேரிங் போனால் ஓட்டத்தில் 'ஊஊ' என்று ஓர் இரைச்சலும் கேட்கும். வண்டியை வலப்பக்கம் திருப்பும்போது இரைச்சல் கூடினால் இடப்பக்கப் பேரிங். திருப்பத்தில் எடை எதிர்ப்பக்கம் சாய்வதால் இந்தத் தலைகீழ் கணக்கு.

லோயர் ஆர்ம் புஷ்ஷைக் கையால் ஆட்ட முடியாது, சிறு கடப்பாரையால் நெம்ப வேண்டும். ரப்பர் வெடித்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரமே பின்வாங்கி 'டொக்' என்று அடிக்கும். பிரேக் உதறலையும் அது பெரிதாக்கிக் காட்டும். ஸ்பீடு பிரேக்கரில் 'கட கட' என்று சத்தம் மட்டும் வந்து ஸ்டியரிங் அமைதியாக இருந்தால், வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைப் பிணைக்கும் லிங்க் ராடாக இருக்கும். அது உதறலுக்குக் காரணமில்லை. ஆனாலும் உதறலுக்காக வந்த வண்டியில் கடைகளில் முதலில் மாற்றப்படுவது பல நேரம் இதுதான். கழற்றுவது சுலபம்.

பாகம் மாற்றும்போது மூன்று விஷயங்களை வண்டிக்காரர் அருகில் நின்று கவனிக்க வேண்டும். டை ராட் எண்ட் மாற்றினால் சக்கரத்தின் திசை மாறியிருக்கும். அப்போது அலைன்மென்ட் கட்டாயம். இரண்டாவது, லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி தொங்கும் நிலையில் முழுதாக இறுக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையில் நின்று எடை இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. தொங்கும்போது இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று, சில மாதங்களில் கிழிந்துவிடும். புது புஷ் நிற்கவில்லை என்று கம்பெனியைத் திட்டும் பலருக்கு நடந்தது இதுதான். வீல் நட்டுகளையும் குறுக்கு வரிசையில், டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குவது முறை. சிறிய கார்கள் பெரும்பாலானவற்றுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கியால் கண்மண் தெரியாமல் இறுக்குவதும் டிஸ்கை நெளிக்கும்.

மலைப்பாதைகளில் இன்னும் ஓடும் பழைய ஜீப்புகளிலும் ஜிப்ஸிகளிலும் இரண்டு முன்சக்கரத்தையும் ஒரே திட அச்சு இணைக்கிறது. அவற்றில் சக்கரம் திரும்புவதற்கான ஆணியான கிங்பின்னின் பேரிங் தளர்ந்தால், ஒரு பள்ளத்தில் விழுந்த அதிர்ச்சியில் முன்பக்கம் முழுதும் வெறிபிடித்ததுபோல் ஆடத் தொடங்கி, வண்டியை ஏறக்குறைய நிறுத்தும்வரை ஓயாது. 1920களில் முன்சக்கர பிரேக்கும் காற்றழுத்தம் குறைந்த பருத்த டயரும் வந்தபோது உலகெங்கும் கார்களைப் படுத்திய ஆட்டம் இதே வகைதான். சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிடும் முறை 1930களில் பரவ அதுவும் ஒரு காரணம்.

செலவு குறைந்ததில் தொடங்கிப் போவதே வரிசை: கழுவுதல், காற்று, பேலன்சிங், முன்சக்கரத்தைப் பின்னுக்கு மாற்றிப் பார்த்தல். மாற்றியதும் உதறல் கையிலிருந்து சீட்டுக்குப் போனால் குற்றவாளி அந்தச் சக்கரம்தான். கையிலேயே நின்றால் டிஸ்கையும் ஹப்பையும் மூட்டுகளையும் பார்க்க வேண்டும். இந்த வரிசைக்கு முக்கியமான விதிவிலக்கு பால் ஜாயிண்ட். உருண்டை கிண்ணத்தை விட்டுக் கழன்றால் சக்கரத்தின் கீழ்ப்பகுதி வெளியே விரிந்து, வண்டி அந்தப் பக்கம் தரையில் உட்காரும். ஸ்டியரிங் எதற்கும் கட்டுப்படாது. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஆட்டினால் பால் ஜாயிண்ட் அசைகிறது என்று உறுதியான வண்டியை, 'மெதுவாப் போயிரலாம்' என்று ஐந்தருவியிலிருந்து தென்காசி வரை கூட ஓட்டி வர வேண்டாம். ரெக்கவரி வேனில் ஏறி வரட்டும்.